600 எம்எம் லென்ஸ் வாங்கப் போற பசங்களுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல வந்த பறவைகள் போட்டோ பக்கத்த பாத்தேன். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துல வரித்தலை வாத்து தண்ணிய விட்டு எந்திரிக்கிற அந்தப் படம் ரொம்ப நல்லா இருந்துச்சு, வெட்டி எடுத்து கடையில ஒட்டி வச்சிருக்கேன். ஆனா அதுக்குப் பக்கத்துல கட்டம் கட்டி, பறவைக்கும் விளையாட்டுக்கும் 600 எம்எம் ஜூம் லென்ஸ் ஒண்ணு இருந்தா போதும்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இத எழுதுறேன். எம்எம்ங்கிறது லென்ஸ் எவ்ளோ தூரம் எட்டும்னு சொல்ற நம்பர், அது பெருசா இருந்தா தூரத்துல இருக்குறது பெருசாத் தெரியும். கொஞ்சம் நீளமாப் போகும், முழுசா போட முடியலனாலும் நீங்களாவது முழுசா படிங்க.

நான் கோவில்பட்டில ஸ்டுடியோ வச்சிருக்கேன், 22 வருசமாச்சு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடுதான் சோறு போடுது. மிச்ச நேரம் பூரா ஹாக்கி கிரவுண்டு. எங்க ஊருக்கு ஹாக்கின்னா என்னன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, இங்கருந்து போன மாரீஸ்வரன் சக்திவேல் 2022ல ஜகார்த்தா ஆசியக் கோப்பைல இந்தியா சட்டை போட்டு ஆடினப்ப ஊரே டிவி முன்னாடி இருந்துச்சு. அப்புறம் டிசம்பர், ஜனவரி ஆச்சுன்னா ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பைக்க எடுத்துட்டு கூந்தன்குளம் போயிருவேன். ஆக நீங்க எழுதின ரெண்டுமே, விளையாட்டும் பறவையும், எனக்கு வருசக்கணக்கா பழக்கம். அந்தப் பழக்கத்துல சொல்றேன், ரெண்டுக்கும் ஒரே லென்ஸ் போதும்னு ஒரு வரில சொல்லக்கூடாது. சொன்னா அத நம்பி கடன் வாங்குறவன் இருக்கான்.

எங்க அக்கா மகன் கதைய சொல்றேன். பாலிடெக்னிக் முடிச்சிட்டு ஒரு கம்பெனில வேல, சம்பளம் பெருசா இல்ல, ஆனா போட்டோன்னா உசுரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஒரு கடையில போய், அண்ணே ஹாக்கியும் எடுக்கணும் பறவையும் எடுக்கணும்னு கேட்டிருக்கான், அவங்க 150லருந்து 600 எம்எம் வரைக்கும் ஜூம் ஆகுற 150-600 லென்ஸ் ஒண்ண எடுத்து காட்டி இதுல எல்லாமே அடங்கிரும் தம்பின்னு சொல்லி மாசத் தவணைல குடுத்துட்டாங்க. நேரா ஸ்டுடியோவுக்கு வந்து, "மாமா, அறுநூறு வாங்கிட்டேன்"னான். அவன் மூஞ்சில இருந்த சந்தோசத்த பாத்து நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி லைட்டு வெளிச்சத்துல ஒரு மேட்ச், அங்க போய் 400 படத்துக்கு மேல எடுத்திருக்கான், மறுநாள் கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா ஒண்ணு கூட தேறல. ஒண்ணு ஸ்டிக்கும் பந்தும் இழுத்துக்கிட்டு கோடாத் தெரியுது, இல்லனா படம் பூரா மணல அள்ளித் தெளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா நாய்ஸ். பய அழாத குறை. லென்ஸு பழுது மாமா, மாத்தித் தரச் சொல்லுங்கன்னு என்னைய கூட்டிட்டுப் போகப் பாத்தான்.

லென்ஸ்ல பழுது ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே லென்ஸோட அவன கூந்தன்குளம் கூட்டிட்டுப் போனேன், காலை 8 மணி வெயில்ல ஒரு கூழைக்கடா தண்ணில இறங்குறத எடுத்தான், இறகு இறகா எண்ணலாம் போல வந்திருந்துச்சு. அதே பையன், அதே கேமரா பாடி, அதே லென்ஸ். வெளிச்சம் மட்டும்தான் வேற.

இதத்தான் நான் சொல்ல வர்றேன். லென்ஸ் வாங்கப் போறவன் முதல்ல எத்தன எம்எம்னு கேக்கக்கூடாது. எங்க நிப்பேன், எந்த நேரத்துல எடுப்பேன், எவ்ளோ நேரம் தூக்கி வச்சிருப்பேன், இந்த மூணுக்கும் அவனுக்கே பதில் தெரிஞ்சிருக்கணும், அப்பறமா கடைக்குப் போகணும்.

முதல்ல வெளிச்சம், ஏன்னா அதுலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. லென்ஸ் மேல எஃப் 5-6.3ன்னு ஒரு நம்பர் இருக்கும், அத யாரும் பாக்கறதில்ல, 600ங்கிற நம்பரத்தான் பாக்குறாங்க. அந்த சின்ன நம்பர்தான் எவ்ளோ வெளிச்சம் உள்ள வரும்னு சொல்றது, நம்பர் சின்னதா இருந்தா வாய் பெருசுன்னு அர்த்தம். எஃப் 2.8க்கும் எஃப் 6.3க்கும் நடுவுல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வித்தியாசம். எங்க கிரவுண்டுல ராத்திரி மேட்ச்சுக்கு நான் 70-200 எஃப் 2.8 லென்ஸ்ல 1/1000 ஷட்டர், அதாவது செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்குற மாதிரி வைக்கணும்னா, வெளிச்சத்த கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓ 3200 வேணும், அதே இடத்துல அதே ஷட்டர எஃப் 6.3ல வைக்கணும்னா 16000 ஆகிருது. நம்ம பசங்க கையில இருக்குற பழைய பாடில 16000 வச்சா என்ன வரும்? அந்த மணல் தெளிச்ச படம்தான் வரும். சரி 150லயே வச்சு எடுத்துக்கறேன்னு சொன்னாலும் அங்க எஃப் 5தான், 2.8ல வர்ற வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குக்கும் கம்மி. ஜூம் பண்ணப் பண்ண இன்னும் சுருங்கி, 600 வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே 6.3க்கு வந்து நின்னுரும்.

ஆனா பகல் வெயில்ல இந்தக் கவலையே கிடையாது. நல்லா வெயில் அடிக்கிறப்ப எஃப் 6.3ல ஐஎஸ்ஓ 400 வச்சாலே 1/2000 தாராளமா கிடைக்கும், பறக்குற பறவைக்கு அது போதும். நம்ம ஊர்ல வெயிலுக்கு என்ன பஞ்சம். அதனால பகல்ல எடுக்குறவனுக்கு 150-600 அருமையான சாமான், அத நான் குறையே சொல்லமாட்டேன், இந்த விலைக்கு இவ்ளோ தூரம் எட்டுற லென்ஸ் நான் தொழிலுக்கு வந்த புதுசுல கனவுல கூட கிடையாது. அப்பல்லாம் 600 எம்எம்னா வெளிநாட்டு பத்திரிகைக்காரங்க கிரிக்கெட் மேட்ச்ல வச்சிருக்குற பீரங்கி மாதிரி லென்ஸ்தான், அந்த எஃப் 4 லென்ஸ் இன்னைக்கும் பத்து லட்சத்துக்கு மேல.

அடுத்து விஆர், ஓஎஸ், விசி, ஐஎஸ்னு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர்ல சொல்ற ஸ்டெபிலைசேஷன். எங்க பய பண்ணின தப்பே இதுலதான். வெளிச்சம் பத்தலன்னதும் ஷட்டர 1/250க்கு இறக்கிட்டு, அதான் உள்ள ஸ்டெபிலைசர் இருக்கேன்னு நம்பிட்டான். அது நம்ம கை ஆடுறதத்தான் சரிபண்ணும், ஓடுற ஆள நிறுத்தாது. கிளையில சும்மா ஒக்காந்திருக்குற நாரைய 1/250ல எடுக்கலாம், படம் ஜம்முனு வரும். பெனால்டி கார்னர்ல டிராக் ஃபிளிக்னு பந்த ஸ்டிக்கால இழுத்து கோலுக்கு வீசுறவன 1/250ல எடுத்தா அவன் கால் மட்டும்தான் தெளிவா இருக்கும். இத எந்தக் கடையிலயும் சொல்லி விக்கிறதில்லங்க, நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சத்துல ரெண்டு மடங்கு வித்தியாசம்) தாங்கும், அஞ்சு ஸ்டாப் தாங்கும்னு சொல்றாங்களே தவிர எது தாங்கும் எது தாங்காதுன்னு சொல்றதில்ல.

இப்ப தூரத்துக்கு வர்றேன். ஹாக்கி கிரவுண்டு நீளம் 91.4 மீட்டர், அகலம் 55. கேட்டதும் அம்மாடி எவ்ளோ தூரம், 600 இல்லாம எப்படின்னு தோணும். ஆனா படம் எங்க கிடைக்குது? கோல் விழுறது, கீப்பர் பாயுறது, முட்டிக்கிறது, கட்டிப்பிடிக்கிறது எல்லாம் கோலுக்கு முன்னாடி இருக்குற டி வட்டத்துக்குள்ள, அந்த வட்டம் கோல்லருந்து 14.63 மீட்டர்தான். கோல் இருக்குற பேக்லைன் கோட்டுக்கு வெளிய ஓரமா பாதுகாப்பான இடத்துல நின்னா நமக்கும் ஆட்டக்காரனுக்கும் 15லருந்து 25 மீட்டருக்குள்ளதான் இருக்கும். 20 மீட்டர்ல 200 எம்எம் வச்சா, படத்த பிடிக்கிற சென்சார் பெருசா இருக்குற ஃபுல் ஃபிரேம் கேமராவுல படத்தோட உயரத்துல 2.4 மீட்டர் அடங்கும், ஒரு ஆளு தலையிலருந்து கால் வரைக்கும் ஸ்டிக்கோட அளவா ஒக்காருவான். அங்க 600 வச்சா மூக்கும் மீசையும்தான். அந்தப் பக்கத்து கோல்ல நடக்குறது? விட்டுடணுங்க. ஹாஃப் டைம் முடிஞ்சா ரெண்டு டீமும் பக்கம் மாறப் போறாங்க, நமக்கு வேண்டிய ஃபார்வர்டு நம்ம பக்கமே வருவான். எல்லாத்தையும் ஒரே இடத்துல நின்னு எடுக்கணும்ங்கிற ஆசைதான் 600க்கு இழுத்துட்டுப் போகுது.

ஃபுட்பால், கிரிக்கெட்னா கணக்கு வேற. கிரிக்கெட்ல பவுண்டரிக்கு வெளிய நின்னு பிட்ச்ச எடுக்கணும், 60, 70 மீட்டர் வந்துரும், அங்க 400க்கு கீழ ஒண்ணும் வேலைக்கு ஆகாது, 600 இருந்தா இன்னும் நல்லது. பகல் மேட்ச்சுன்னா தைரியமா 150-600, 200-600 எடுத்துட்டுப் போகலாம். கபடி நேர்மாறு, கோட்டுக்குப் பக்கத்துலயே ஒக்காந்து எடுக்கறோம், அதுவும் இன்டோர், அங்க 70-200 கூட சில நேரம் நீளம், 85 எம்எம் எஃப் 1.8 ஒண்ணு வச்சு பிரமாதமா எடுக்குற பையன் ஒருத்தன் எங்க பக்கத்துல இருக்கான். அந்த லென்ஸ் விலை 600ல பாதி கூட வராது.

பறவைக்கு என்னன்னு கேப்பீங்க. பறவைக்கு நீளம் வேணும், மறுக்கல. ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் வாலோட சேத்து ஒரு ஜாண்தான் இருக்கும், அது 20 மீட்டர் தள்ளி கம்பில ஒக்காந்திருந்தா 600 எம்எம் வச்சாலும் ஃபுல் ஃபிரேம் படத்துல ஆறுல ஒரு பங்கு அகலத்துக்குத்தான் வரும். அதனால 600ங்கிறது பெரிய நம்பரே கிடையாது சின்னப் பறவைக்கு, கிட்டப் போற பொறுமைதான் மிச்ச வேலைய பண்ணணும். ஆனா கூந்தன்குளத்துல ஒரு விசேசம் இருக்கு, அங்க பறவைங்க குளத்துல மட்டும் இல்ல, ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும். மஞ்சமூக்கு நாரை நம்ம தலைக்கு மேல குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கும், 15 மீட்டர் கூட இருக்காது. அங்க சென்சார் சின்னதா இருக்குற கிராப் சென்சார் கேமராவுல 600 வச்சா அலகும் கண்ணும் மட்டும்தான் படத்துல நிக்கும், கூடு, குஞ்சு, வேப்பங்கிளை எல்லாம் போச்சு. 200க்கு இறக்குனாத்தான் குடும்பமே வரும். அதனாலதான் அந்த இடத்துக்கு ஜூம் ஆகாத 500, 600 பிக்ஸட் லென்ஸ விட ஜூம் நல்லதுன்னு நான் சொல்வேன், எவ்ளோ ஷார்ப்பா இருந்தாலும் சரி.

இந்த இடத்துல கிராப் சென்சார் பத்தி ஒரு வார்த்த. நம்ம பசங்க பெரும்பாலும் வச்சிருக்கறது கிராப் பாடிதான், நிக்கான், சோனின்னா 1.5, கேனான்னா 1.6. அதுல 400 எம்எம் மாட்டினா ஃபுல் ஃபிரேம்ல 600, 640 மாட்டின அளவுக்கு படம் அடங்கும். லென்ஸ் ஒண்ணும் நீளமாகறதில்ல, ஓரத்த வெட்டி நடுவ மட்டும் குடுக்குது, ஆனா நமக்கு பலன் ஒண்ணுதான். அதனால கிராப் பாடி வச்சிருக்கறவன் 100-400 ஒண்ண எடுத்தாலே பாதி தூரம் தாண்டிருவான். கேனான்ல 2014ல வந்த 100-400 ரெண்டாவது மாடல் இன்னைக்கும் செகண்ட் ஹேண்ட்ல நல்லா கிடைக்குது, ஒன்றரை கிலோவுக்கு கொஞ்சம் மேலதான், ஒரு மீட்டர்ல வந்து ஒக்காந்த பட்டாம்பூச்சியக் கூட எடுக்கும், உள்ள கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் பாடிலயும் அடாப்டர் போட்டு கவலையில்லாம ஓட்டலாம். என்னைய கேட்டா பகல் ஹாக்கிக்கும் கூந்தன்குளத்துக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்ங்கிற பையனுக்கு அதத்தான் சொல்வேன். 600 இல்லையேன்னு மனசு கேக்காது, ஆனா கை சொல்லும் தேங்க்ஸ்.

கைன்னதும் எடைக்கு வந்துட்டேன். இது கடையில ரெண்டு நிமிசம் தூக்கிப் பாத்தா தெரியாதுங்க. சிக்மா 150-600 கன்டெம்பரரி 1930 கிராம், அதே 150-600ல ஸ்போர்ட்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, அது 2860 கிராம், பேர்லதான் ஸ்போர்ட்ஸ், ஆனா ஸ்டாண்டு இல்லாம ஒரு மேட்ச் முழுக்க அத தூக்கி எடுக்குறவன நான் பாத்ததில்ல. டாம்ரான் ஜி2 ரெண்டு கிலோ. நிக்கான் 200-500 எஃப் 5.6, 2015ல வந்தது, 2300 கிராம். சோனி 200-600, 2019ல வந்தது, 2115 கிராம். நிக்கான் இசட் 180-600, 2023ல வந்தது, ஸ்டாண்டு மாட்டுற காலர கழட்டிட்டா ரெண்டு கிலோவுக்குள்ள. கேனான் 100-500 மட்டும்தான் காலர் இல்லாம ஒன்றரை கிலோவுக்குள்ள நிக்குது, ஆனா 500 கிட்ட போறப்ப எஃப் 7.1, விலையும் கூட. இதுக்கெல்லாம் மேல பாடி எடை முக்கால் கிலோ சேத்துக்கோங்க. ஹாக்கி மேட்ச் 15 நிமிசம் நாலு குவாட்டர், நடுவுல இடைவெளி வேற, ஒன்றரை மணி நேரம் ஆகிரும். மூணாவது குவாட்டர்ல கை நடுங்க ஆரம்பிச்சிட்டா அதுக்கப்பறம் எவ்ளோ விலை லென்ஸா இருந்தாலும் ஒண்ணுதான்.

அதுக்கு மோனோபாட் இருக்கே, ஒத்தக்கால் ஸ்டாண்டு. லென்ஸுக்கு லட்சம் செலவழிக்கிறவன் இதுக்கு ரெண்டாயிரம் செலவழிக்க யோசிக்கிறான், எனக்கு ஆத்திரமா வரும். கிரவுண்டுல ட்ரைபாட் வைக்க விடமாட்டாங்க, வைக்கவும் கூடாது, ஓடி வர்ற புள்ளைங்க மேல இடிச்சிரும். மோனோபாட்ட லென்ஸ் காலர்ல மாட்டணும், பாடில மாட்டிட்டு முன்னாடி ரெண்டு கிலோவ தொங்க விட்டா பாடியும் லென்ஸும் சேர்ற மவுண்ட்டு போயிரும். கழுத்துல தொங்க விடும்போதும் அப்படித்தான், பட்டைய லென்ஸ் காலர்ல மாட்டுங்க.

எங்க ஊருக்குன்னு இன்னொரு விசயம், தூசி. கரிசக்காட்டு தூசி எப்படின்னு இந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும், மாவு மாதிரி, எங்க வேணா புகுந்துரும். ஜூம் பண்றப்ப மூக்கு நீட்டுற லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காத்த உள்ள இழுக்கும், கூடவே தூசியும் போகும். சோனி 200-600, நிக்கான் 180-600 ரெண்டும் மூக்கு நீட்டாது, உள்ளுக்குள்ளயே ஜூம் ஆகும், முன்னாடி எடை மாறாததால மோனோபாட்லயும் சாயாது. பைல வைக்க கொஞ்சம் நீளம், அவ்ளோதான். காசு இருந்து, பாடியும் அந்தக் கம்பெனியா இருந்தா இந்த ரெண்டுல ஒண்ணு எடுங்கன்னு யோசிக்காம சொல்லிருவேன். ஆனா ஒன்றரை லட்சத்துக்கு மேல போகுது, அது எல்லாருக்கும் ஆகுற காரியமா.

டெலிகன்வெர்ட்டர்னு லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டுற ஒரு சின்ன கண்ணாடி விக்கிறாங்க, 1.4 போட்டா 600 வந்து 840 ஆகும்னு. ஆகும், ஆனா ஒரு ஸ்டாப் வெளிச்சம் போயிரும், 6.3 வந்து 9 ஆயிரும். உள்ள கண்ணாடி இருக்குற டிஎஸ்எல்ஆர் பாடில எஃப் 8 தாண்டுனா ஃபோகஸ் தடவ ஆரம்பிச்சிரும், முன்னும் பின்னும் போய்க்கிட்டே இருக்கும், அதுக்குள்ள பறவை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். மிரர்லெஸ்ல பிடிக்கும், ஆனா வெளிச்சம் போனது போனதுதான். எஃப் 2.8 லென்ஸ் வச்சிருக்கறவன் மாட்டலாம், 70-200 வந்து 280 எஃப் 4 ஆகும், ஹாக்கிக்கு அது நல்ல ஜோடி. எஃப் 6.3 ஜூம்ல மாட்டுறதுக்கு காச செலவழிக்காதீங்க தம்பிகளா.

கானல் பத்தி சொல்லாம விட்டா பாவம். மாசத்துக்கு ஒருத்தராவது எங்கிட்ட வந்து, அண்ணே 600ல எடுத்தா படம் மசமசன்னு வருது, லென்ஸ் ஃபோகஸ் அவுட்டுன்னு சொல்றாங்க. எத்தன மணிக்கு எடுத்தீங்கன்னு கேட்டா 11 மணிம்பாங்க. குளத்துக்கு அந்தக் கரையில, 100 மீட்டருக்கு மேல இருக்குற வாத்து, நடுவுல வெயில்ல கொதிக்கிற மண்ணும் கரையும். ரோட்டுல தூரத்துல தண்ணி நெளியுற மாதிரி தெரியும்ல, அந்தச் சூட்டுக் காத்து வழியாத்தான் லென்ஸும் பாக்குது. எவ்ளோ நீளமான லென்ஸோ அவ்ளோ பெருசா அந்த நெளிசலும் படத்துல வரும். பத்து லட்ச ரூபா லென்ஸ் வச்சாலும் இதே கதிதான். காலைல வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துட்டு, 10 மணிக்கு டீ குடிக்கப் போயிரணும். இல்லனா கிட்ட இருக்குற பறவைய எடுக்கணும். நம்ம பக்கத்து வெயில்ல 800 எம்எம் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கும் இதான் என் பதில், கேனான் 2023ல 200-800 விட்டாங்க, நல்ல லென்ஸுதான், ஆனா கடைசில எஃப் 9, அத வச்சு சாதிக்கணும்னா விடிஞ்சு வெயில் வந்து சூடு ஏறாத அந்த ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் கையில இருக்கும்.

ஃபோகஸ் தடவுறதுக்கு இன்னொரு சின்ன வைத்தியம். லென்ஸ் சைடுல ஃபோகஸ் லிமிட்டர்னு ஒரு சுவிட்ச் இருக்கும், வாங்குன நாள்லருந்து யாரும் தொடவே மாட்டாங்க. சிக்மாவுல அத 10 மீட்டருக்கு மேலங்கிற பக்கம் தள்ளி விட்டுட்டா பக்கத்துல இருக்குற புல்லு, கம்பியெல்லாம் தேடாம தூரத்துலயே தேடும், ஃபோகஸ் பாதி நேரத்துல வந்துரும். கிட்ட பூச்சி எடுக்குறப்ப மட்டும் மறக்காம திருப்பி மாத்திக்கோங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறத பத்தி நான் தப்பா பேச மாட்டேன், எங்கிட்ட இருக்குறதுல பாதி அதுதான். ஆனா ரெண்டு சோதனை பண்ணாம காசு குடுக்காதீங்க. ஒண்ணு ஃபங்கஸ், நம்ம கடலோர ஈரத்துல இது சர்வசாதாரணம், தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்து லென்ஸ்னா இன்னும் கவனமா பாப்பேன். அப்பர்ச்சர, அதாவது லென்ஸ் வாய, திறந்து வச்சு பின்னாடிலருந்து டார்ச் அடிச்சுப் பாத்தா சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரியும், தெரிஞ்சா எவ்ளோ விலை குறைச்சாலும் வேணாம்னு எந்திரிச்சு வந்துருங்க. இன்னொண்ணு, உங்க பேப்பர்லயே ஒரு முழுப் பக்கத்த சுவத்துல விறைப்பா ஒட்டி, நேரா நின்னு, கேமராவ ஸ்டாண்டுல வச்சு, 600ல அப்பர்ச்சர் முழுசா திறந்து ஒரு படம் எடுங்க. நாலு மூலைல இருக்குற எழுத்தும் ஒரே அளவு தெளிவா இருக்கணும். ஒரு மூலை மட்டும் மங்கலா இருந்தா உள்ள கண்ணாடி கோணிருக்குன்னு அர்த்தம், லென்ஸ் கீழ விழுந்திருக்கலாம். வாங்கினதுக்கு அப்பறம் பீரோவுல துணிக்கு நடுவுல சுத்தி வைக்காதீங்க, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, மழைக்காலம் முடியுற வரைக்கும் வாரத்துக்கு ஒருக்கா வெளிய எடுத்து எதையாவது நாலு படம் எடுங்க.

ஆனா இது எல்லாத்துக்கும் முன்னாடி, வாடகைக்கு எடுங்க. சென்னை, மதுரை மாதிரி ஊர்கள்ல லென்ஸ் வாடகைக்கு கிடைக்குது, ஆதார் கார்டும் அட்வான்ஸும் குடுத்தா ரெண்டு நாளைக்கு கையில குடுக்குறாங்க. சனிக்கிழமை ஒரு மேட்ச், ஞாயித்துக்கிழமை ஒரு குளம், ரெண்டுலயும் அந்த லென்ஸ வச்சுப் பாருங்க. வீட்டுக்கு வந்து படத்த எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு எந்தப் படம் எத்தன எம்எம்ல எடுத்தோம்னு எண்ணுங்க, படத்துக்குள்ளயே அந்த விவரம் இருக்கும். நான் அப்படி எண்ணிப் பாத்தப்ப என் ஹாக்கி படத்துல பத்துக்கு எட்டு 200க்கு கீழதான் இருந்துச்சு. அத விட பெரிய சாட்சி வேற என்ன வேணும் எனக்கு. எங்க அக்கா மகன் நாலு மாசம் தவணை கட்டி, கட்ட முடியாம அந்த லென்ஸ வித்தான், வாங்கின விலைல மூணுல ரெண்டு பங்குதான் வந்துச்சு, மீதித் தவணைய எங்க அக்கா சீட்டுப் பணத்துல அடைச்சா. ரெண்டு நாள் வாடகை குடுத்திருந்தா தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம்.

இப்ப அவன் எங்கிட்ட இருந்த பழைய 70-200 எஃப் 2.8 வச்சு ஹாக்கி எடுக்கறான், பறவை சீசனுக்கு 150-600 வாடகைக்கு எடுத்துக்கறான், வருசத்துக்கு நாலு தடவ. 2025 கடைசில சென்னைலயும் மதுரைலயும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்துச்சுல்ல, மதுரைக்கு நாங்க ரெண்டு பேரும் ஆட்டம் பாக்கப் போயிருந்தோம். கேலரில ஒக்காந்துக்கிட்டு ஆட்டத்த பாக்காம பேக்லைன்ல இருந்த பத்திரிகை போட்டோகிராஃபர்ங்களத்தான் அவன் பாத்துக்கிட்டே இருந்தான், "மாமா, பாருங்க, அந்தாளு ரெண்டு பாடி வச்சிருக்காரு, கிட்ட வந்தா சின்ன லென்ஸ எடுக்குறாரு"ன்னான். ஆமா மாப்ள, அதான்னேன். அந்த ஒரு நாள்ல அவன் கத்துக்கிட்டத நான் ஒரு வருசமா சொல்லியும் ஏத்த முடியல.

இன்னொண்ணும் இருக்கு, லென்ஸ் நீளம் குறைவா இருந்தா சிலபேர் கூட்டுக்குப் பக்கத்துல போயிடறாங்க, சிலபேர் கை தட்டி பறக்க விடறாங்க, பறக்குற படம் வேணும்ங்கிறதுக்காக. கூந்தன்குளத்து ஆளுக தீபாவளிக்கு வெடி கூட போடாம அந்தப் பறவைகள பாத்துக்கறாங்க, அது வந்தா ஊருக்கு நல்லதுன்னு நம்புறாங்க. வரித்தலை வாத்து இமயமலைய தாண்டி அங்கருந்து இங்க வருது. அது தண்ணில ஒக்காந்து எளைப்பாறுறத நாம கை தட்டி எழுப்புறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு? 400 எம்எம்ல எட்டலன்னா, எட்டின அளவுக்கு எடுங்க, குளமும் வானமும் சேந்து சின்னதா வாத்து இருக்குற படமும் படம்தான். உங்க பக்கத்துல வந்த படமே அப்படித்தானே இருந்துச்சு, அதான் எனக்கு அவ்ளோ பிடிச்சது.

ஆசிரியர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த தடவ இந்த மாதிரி படம் போடும்போது கீழ எடுத்தவர் பேரோட சேத்து, எந்த லென்ஸ், எத்தன எம்எம், காலைல எத்தன மணி, எவ்ளோ தூரம்னு ஒரு சின்ன வரி போடுங்க. ரெண்டு இஞ்ச் இடம் கூட ஆகாது. அந்த வரிய பத்து வாரம் படிக்கிற பையன் கடைக்காரர்கிட்ட போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுதான் போவான். ஹாக்கி படத்துக்கும் அதே மாதிரி போடுங்க, லைட்டு வெளிச்சத்துல எடுத்ததுன்னா ஐஎஸ்ஓவையும் சேத்துப் போடுங்க. என் படங்கள் எதாவது வேணும்னா விவரத்தோட அனுப்பி வைக்கிறேன், பணம் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
கோவில்பட்டி